உருகிப்போன நகைகளின் வரலாறு

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதப் புகுகிறவர் முதலில் தேடுவது அந்தத் தொழில் விட்டுப்போன பொருளைத்தான். வன்னியில் குளம் கட்டியவர்கள் குளக்கட்டுகளையும் துருசுகளையும் விட்டுப்போயிருக்கிறார்கள். குயவர்களின் ஓட்டுத் துண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. கல்தச்சர்களின் தூண்கள் இடிந்த கோயில்களில் சாய்ந்து நிற்கின்றன. தட்டார் விட்டுப்போனது எது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது. வன்னித் தட்டாரின் வேலை என்று பெயரெழுதி வைத்த பழைய நகையொன்றை அருங்காட்சியகத்தில் காண்பது அரிது. இந்த வெறுமையைப் பார்த்துவிட்டு, வன்னி வயலும் காடும் மட்டுமே கொண்ட நாடு, பொன்வேலை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் உரியது என்று முடிவுகட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவு பிழை என்பதே என் வாதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய பெருநிலப்பரப்பில் பொன்வேலை ஆழமாக வேரோடியிருந்தது. அதன் பொருட்கள் மிஞ்சாமல் போனதற்குக் காரணம் அந்தத் தொழிலின் நோக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நகை என்பது மறுபடி உருக்குவதற்காகவே செய்யப்பட்டது.

வடக்கில் கிடைத்த பழைய பொன் பொருளில் பெயர் பெற்றது வல்லிபுரப் பொற்தகடு. 1936இல் வடமராட்சி வல்லிபுரத்தில் கிடைத்த அந்தச் சிறு தகட்டில் பிராமி எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 67 முதல் 111 வரை அரசாண்ட வசபனின் காலத்தது அது. தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து அதில் பிசகில்லாமல் எழுத்து வெட்டத் தெரிந்த கை ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. அந்தத் தகடு ஓர் ஆவணம், கழுத்திலோ கையிலோ போடுகிற பொருளல்ல. அதனால்தான் தப்பியது என்று நினைக்கிறேன். அதே பொன் ஒரு காப்பாகவோ தோடாகவோ இருந்திருந்தால் நாலைந்து தலைமுறைக்குள் எத்தனையோ தடவை உருகி, வேறு வேறு உருவெடுத்து, இன்று யாருடைய கழுத்திலாவது அடையாளம் தெரியாமல் கிடக்கும்.

இதை விளங்கிக்கொள்ளத் தொலைதூரத்துச் சமூகம் ஒன்றோடு வன்னியை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களிலும் ஆற்றங்கரை ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் ஈரானின் குசெஸ்தான் மாகாணத்திலும் மண்டேயர் என்றொரு சிறுபான்மையினர் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தார்கள். ஓடுகிற நீரில் திரும்பத் திரும்ப முழுக்குப் பெறுவது அவர்களுடைய சமயத்தின் நடுநாயகம். திருமுழுக்கு யோவானை அவர்கள் பெரிதும் போற்றுகிறார்கள். அவர்களை நேரில் அறிந்து எழுதிய ஈ. எஸ். டிரோவர் 1937இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கும் தொழில்களைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும்: வெள்ளி வேலை, இரும்பு வேலை, மர வேலை, படகு கட்டுதல். பொன், இரும்பு, மரம், கல், வெண்கலம் என ஐந்தையும் ஒரே மரபினர் கையில் வைத்திருந்த நம்முடைய கம்மாளர் ஒழுங்குக்கு இது எவ்வளவு நெருக்கம்! அமாரா, நாசிரியா போன்ற ஊர்களின் மண்டேயர் வெள்ளியில் படம் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்ந்த கருங்கலவையை உருக்கி நிரப்பித் தேய்த்து மெருகிட்டார்கள். அஹ்வாஸ் பக்கத்து மண்டேயர் பொன்னின் மேல் எனாமல் வேலை செய்தார்கள். கண்ணாடியைத் தூளாக்கி உலோக ஒக்சைட்டுகளால் நிறமூட்டி, பொன்னில் வெட்டிய பள்ளங்களில் இட்டுச் சுட்டு எடுப்பது அந்த வேலை. பேரீச்ச மரம், படகு, ஒட்டகம் எனத் தம் நாட்டுக் காட்சிகளையே அவர்கள் வரைந்தார்கள். முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவுக்குப் போன பிரித்தானியப் படையினர் அவர்களிடம் சிகரெட் பெட்டிகளை வாங்கி ஊருக்கு எடுத்துப்போனார்கள். அவை இன்னமும் இங்கிலாந்தின் வீட்டு அலுமாரிகளிலும் ஏலக் கடைகளிலும் அகப்படுகின்றன.

அந்தப் பெட்டிகள் தப்பியதற்கு வேலைத்திறன் மட்டும் காரணமல்ல. வாங்கியவன் அந்நியன்; நினைவுக்கென்று வாங்கியவன். அவன் அதை உருக்கமாட்டான், அடைவும் வைக்கமாட்டான். வன்னித் தட்டாரின் வாடிக்கைக்காரி அடுத்த வளவுக்காரி. அவள் கொடுத்த பொன்னைத்தான் அவர் நகையாக்கினார்; அவள் மகளின் கலியாணத்தின்போது அதே நகையை அவரோ அவர் மகனோ உருக்கிப் புதிதாகச் செய்தார்கள். ஒரு கைவேலை வரலாற்றில் மிஞ்சுவதா மறைவதா என்பதை அதை வாங்கியவர் யார் என்பது பெருமளவுக்கு முடிவுசெய்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் பொன்வேலையை மதிப்பிடுவது அநியாயம்.

எனாமல் வேலை வன்னியில் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கலாம், தராசில் நிறுக்கலாம், நெருப்பில் இட்டால் அது பொன்னாகவே திரும்பி வரும். மேலே சுட்டு ஒட்டிய கண்ணாடி இந்த மூன்றுக்கும் இடைஞ்சல். உரைகல்லில் அது எதையும் சொல்லாது. நிறையில் எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு பொன் என்று பிரித்தறிய முடியாது. உருக்கினால் கலைஞன் நாட்கணக்காகச் செய்த வேலையோடு கண்ணாடியும் கழிவாகிவிடும். கல் பதித்த நகைக்கே அடைவு பிடிப்பவர் கல்லின் நிறையைக் கழித்துத்தான் காசு தருவார். நகையைக் காசாக மாற்ற வேண்டிய தேவை எப்போது வந்து கதவைத் தட்டும் என்று தெரியாத ஒரு பெண், உருக்கினால் ஒன்றுமில்லாமல் போகிற அழகுக்குக் கூலி கொடுக்கத் தயங்குவாள். எனாமல் வேலை செழித்த இடங்களை எண்ணிப் பாருங்கள். ஜெய்ப்பூரில் அரசவை இருந்தது. மண்டேயரின் ஊர்களில் ஆற்றுவழி வணிகமும் வெளியூர்க்காரரும் இருந்தார்கள். வன்னியில் குளமும் வயலும் மாடும் மழையும் இருந்தன.

மழை என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கல்ல. வன்னி உழவரின் நகை மழைக்கேற்ப நடமாடும். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்துகிற புரட்டாதி, ஐப்பசியில் உழவுகூலிக்கும் விதைநெல்லுக்கும் காசு வேண்டும். அப்போது காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போகும். மாசி, பங்குனியில் நெல் அறுத்து விற்றதும் வட்டி கட்டி மீட்கப்படும். தண்ணீர் இருக்கிற ஆண்டில் சிறுபோகத்துக்காக மறுபடி ஒரு தடவை போய்வரும். மழை பொய்த்த ஆண்டில் போனது திரும்பாது. பொன் அடைவு இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனமும் ஒற்றியும் அடைவும் பேசப்படுகின்றன. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கையேடு எழுதிய ஜே. பி. லூயிஸ் கண்ட நாடு காய்ச்சலாலும் வறட்சியாலும் ஆட்கள் அருகிய நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, பின்னர் கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேற்றங்கள் வந்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. வங்கி என்றால் என்னவென்று தெரியாத, மருத்துவமனை எட்டாத, ஒரு மழை தவறினால் ஆண்டே தவறிப்போகிற நாட்டில் சேமிப்புக்கு இருந்த நம்பகமான உரு பொன்தான். அதைக் கழுத்திலும் காதிலும் கையிலும் போட்டுக்கொண்டு பெண்கள் வயலுக்கும் கோயிலுக்கும் போய்வந்தார்கள்.

அப்படியென்றால் தட்டாரின் திறமை எதில் இருந்தது? மதிப்புக் குறையாமல் மாறுவதில் இருந்தது என்பேன். சேதாரம் சொற்பமாக உருக்குதல், பொடி குறைவாக வைத்து ஊதுதல், பற்றவைத்த இடம் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாமல் அராவி மெருகிடல், பத்து ஆண்டு போட்டாலும் தேயாத கொக்கி, வயலில் இழுபட்டாலும் அறாத வளையம் இவைதான் அங்கே கைத்திறன். அவர்கள் செய்த தாலிக்கொடியை நெருக்கமாகப் பார்த்தால் இது விளங்கும். கொடியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகக் கம்பி இழுத்து, வளைத்து, வாய் சேர்த்து ஊதப்பட்டது. நூற்றுக்கணக்கான கண்ணிகளில் ஒன்று பிசகினாலும் கொடி ஒருபக்கம் திருகிக்கொள்ளும். நல்ல கொடியைக் கையில் தூக்கி விட்டால் நூல் பிடித்ததுபோல் நேராகத் தொங்கும். அதில் கோத்த தாலியில் மட்டும் குடும்பத்தின் அடையாளம் இருக்கும்: பிள்ளையார் தாலி, கொம்புத் தாலி, கத்தோலிக்கர்களுக்குப் புறாத் தாலி. தட்டார் தன் பெயரை எங்கும் பொறிக்கமாட்டார். மண்டேயக் கலைஞர்களில் பலர் தம் வேலையில் பெயர் வெட்டினார்கள். வாங்குகிறவன் ஊர் தெரியாத அந்நியன், செய்தவர் யாரென்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வன்னியில் கொடியைப் பார்த்ததும் அது யாருடைய கை என்று ஊருக்கே தெரியும்.

தெரிவதோடு ஊர் சந்தேகமும் பட்டது. பொன்னைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குத் திரும்பி வருவது அதே பொன்தானா என்ற பயம் எங்கும் உண்டு. தமிழில் அந்தப் பயத்துக்குப் பெருங்காப்பியமே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன் மேல் போட, அவன் மனைவி கண்ணகியின் கோபத்தில் மதுரை எரிகிறது. அந்தக் கோபத்தைத் தணிக்கக் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்ததாகக் காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. இந்தக் கதை வன்னியில் வெறும் ஏட்டுக் கதையாக இருக்கவில்லை. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் முல்லைத்தீவின் வற்றாப்பளை என்பது ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்கு அங்கே பெருங்கூட்டம் திரளும். முல்லைத்தீவுக்குக் கோவலன் கூத்து தனி அடையாளம். ஊர் விடிய விடிய இருந்து அதைப் பார்த்தது. பொற்கொல்லனின் வஞ்சகம் ஆண்டுதோறும் மேடையேறிய நாட்டில் அதே தொழிலைச் செய்துகொண்டு மானத்தோடு வாழ்வதென்றால், தட்டார் தன் நேர்மையை ஊர் முன்னால் மறுபடி மறுபடி காட்டியாக வேண்டும். காப்பியத்தில் உண்மை வெளிப்பட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். உடைத்த பிறகுதான் கண்ணகியின் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம், அரசியுடையதைப் போல முத்தல்ல என்பது தெரிந்தது. நகையின் உண்மை அதை அழித்தால்தான் தெரியும் என்பது அந்த வழக்கின் சாரம். தட்டாரின் தொழில் முழுவதும் இந்தச் சிக்கலுக்குள்தான் நடந்தது.

ஈழத்தமிழர் திருமணத்தில் வருகிற பொன்னுருக்கல் இந்தச் சிக்கலுக்கு ஊர் கண்ட தீர்வு என்று நான் நினைக்கிறேன். திருமணத்துக்குச் சில நாள் முன்னதாக நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கேற்றுவார்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்திருக்கும். தட்டார் உமிச் சட்டியையும் சிரட்டைக்கரியையும் ஊதுகுழலையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு வருவார். மாப்பிள்ளை வெற்றிலையில் ஒரு தங்க நாணயத்தை, பெரும்பாலும் பிரித்தானியச் சவரினை, வைத்து அவர் கையில் கொடுப்பார். நாணயம் மூசையில் இறங்கும். மேலே கொஞ்சம் வெங்காரம் தூவப்படும். தட்டார் கன்னம் உப்ப, விடாமல் ஊத, கரி வெள்ளையாகக் கனலும். சற்றைக்கெல்லாம் நாணயத்தின் விளிம்பு மழுங்கி, அரசியின் தலை மறைந்து, எல்லாம் ஒன்றாகத் திரண்டு நடுங்குகிற ஒரு கடலை அளவு உருண்டையாகும். ஆறியதும் அதைத் தட்டில் வைத்து மஞ்சளும் தேசிக்காயும் பூவுமாகக் கூடியிருக்கிறவர்களிடம் காட்டுவார்கள். ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துத் தட்டை அடுத்தவருக்குத் தள்ளுவார். தட்டாருக்கு அரிசி, தேங்காய், காய்கறி, தட்சணை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கப்படும். அன்றைக்கே கன்னிக்கால் ஊன்றப்படும். அதன் பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது.

இதைச் சடங்கு என்று மட்டும் பார்க்கிறவர்கள் அதில் இருக்கிற கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஏன் நாணயம்? பழைய சங்கிலியையோ வளையலையோ உருக்கலாமே? பிரித்தானியச் சவரின் நாணயம் எட்டுக் கிராமுக்கு மயிரிழை குறைவான நிறையும் 22 கரட் மாற்றும் கொண்டது. அதன் நிறையும் மாற்றும் உலகறிந்தவை. தட்டாரோ சம்பந்தியோ அதில் கைவைக்க முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பொருளில் தொடங்கி, சபை நடுவே, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்திருக்க அதன் அடையாளத்தை அழித்து, மிஞ்சிய பொன்னை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் செய்கிறார்கள். அடுத்து வரப்போகிற தாலி இந்தப் பொன்தான் என்பதற்கு ஊரே சாட்சி. எழுத்தும் முத்திரையும் இல்லாத ஒரு மாற்றுச் சோதனை அது. மற்ற நகைகளுக்கு அந்த அளவு சபை கூடாவிட்டாலும், திண்ணையில் தட்டார் வேலை செய்ய வீட்டுப் பெண் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் இதே தர்க்கத்தில் வந்ததுதான்.

இங்கே சில மறுப்புகள் எழும். வன்னியின் நகைகள் எளிமையாக இருந்தது வறுமையாலும் திறமைக் குறைவாலும்தான், அதற்கு இவ்வளவு தத்துவம் தேவையா என்பது முதலாவது. வறுமை இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் வறுமை மட்டுமே காரணமென்றால் நகை மெல்லியதாக, உள்ளீடற்றதாக, பார்வைக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். குறைந்த பொன்னில் நிறையக் காட்டுவதுதான் வறுமையின் வழி. வன்னியில் விரும்பப்பட்டது கெட்டியான நகை. இரண்டு காப்புக்குப் பதில் ஒன்று, ஆனால் நிறையாக. பார்வையைவிட நிறையை மதிக்கிற இந்தத் தேர்வு ஒரு தெளிந்த பொருளாதார முடிவு. இரண்டாவது மறுப்பு, இந்தத் தட்டார்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், எனவே இது யாழ்ப்பாணத்துத் தொழிலின் நிழல்தான் என்பது. உறவும் பயிற்சியும் யாழ்ப்பாணத்தோடு இருந்தன. கஸ்தூரியார் வீதியும் கன்னாதிட்டியும் நீண்ட காலம் வடக்கின் நகைச் சந்தையாக இருந்ததும் உண்மை. ஆனால் கைவினைஞர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டு கைவினையை அளந்தால் உலகில் எந்த ஊருக்கும் சொந்தத் தொழில் மிஞ்சாது. யாழ்ப்பாணத்து மத்தியதர வீட்டுக்கு அட்டியலும் கல்லுப் பதித்த பதக்கமும் பெருமை. உழவுக்கும் அறுப்புக்குமிடையே போய்வருகிற நகைக்குத் தேவையான வேலை வேறு. அந்த வேலையை வன்னியின் வாழ்க்கைதான் கேட்டு வாங்கியது.

போர் இந்த ஏற்பாட்டை எவ்வாறு குலைத்தது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையடையாது. 1983இல் கொழும்பில் தமிழரின் கடைகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டபோது நகைத் தொழிலாளரும் வடக்கு நோக்கி ஓடிவந்தார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, போகிற வழியிலேயே பெண்களின் நகைகள் பறிக்கப்பட்டன. தமிழர் இழந்த பொன்னைப் பற்றி எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று தமிழரிடமும் இயக்கம் கேட்டு வாங்கியது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கும், மறு ஆண்டில் வன்னிக்கும் வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் கையில் இருந்த ஒரே சொத்து உடம்பில் போட்டிருந்ததுதான். எரிபொருளும் மருந்தும் தடைப்பட்ட அந்த வன்னியில் தட்டாரின் உமியும் சிரட்டைக்கரியும் எந்தத் தடைக்கும் அகப்படாதவை. கொடி காப்பாகவும், காப்பு தோடாகவும், தோடு அரிசியாகவும் மாறிய காலம் அது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தின் கிளைகளில் நகை அடைவு பெரிய தொழிலாக நடந்தது. உழவர்கள் வழக்கம்போலவே விதைப்புக்கு முன் வைத்தார்கள், அறுப்புக்குப் பின் மீட்டார்கள். கடைசியாக வைத்தவர்களுக்கு மீட்கிற காலம் வரவில்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரம். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வழியில் சாப்பாட்டுக்கு விற்றது எவ்வளவு, பங்கருக்குள் புதைத்தது எவ்வளவு, இறந்தவர் உடம்போடு போனது எவ்வளவு என்று கணக்கிட யாராலும் முடியாது. பின்னர் புதுக்குடியிருப்புப் பக்கமெல்லாம் புதையல் இருக்கிறதென்று நீதிமன்ற அனுமதியோடு கனரக இயந்திரங்கள் நிலத்தைத் தோண்டின. பெரும்பாலும் வெறுங்குழிதான் மிஞ்சியது.

மண்டேயரின் கதி இதோடு ஒத்துப்போகிற இடமும் உண்டு, பிரிகிற இடமும் உண்டு. சதாம் உசேனின் அரசு 1990களில் சதுப்பு நிலங்களை வற்றவைத்தது. 2003க்குப் பின் ஈராக்கில் சட்டம் ஒழுங்கு குலைந்தபோது, பொன்கடை வைத்திருந்த மண்டேயர் கடத்தல்காரர்களுக்கும் கொள்ளையருக்கும் முதல் இலக்கானார்கள். பொன்னைக் கையாள்கிறவரைப் பணக்காரர் என்று நினைத்துக் கொல்லும் கொடுமை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி. அவர்களில் பெரும்பாலோர் சிரியா, யோர்தான் வழியாகச் சுவீடனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுடைய பழைய வேலை எப்படி இருந்தது என்று காட்ட அந்நியர் வாங்கிப்போன பெட்டிகள் இருக்கின்றன. பேரப்பிள்ளை ஒரு படத்தைப் பார்த்தாவது கோடு இழுக்கலாம். வன்னித் தட்டாரின் பிள்ளைக்கு அந்த வசதியும் இல்லை. அவர் முன்னோரின் வேலை முழுவதும் மற்றவர்களின் கழுத்தில் இருந்தது; அந்தக் கழுத்துகளிலிருந்து அது போய்விட்டது.

இயந்திர நகை வந்தபின் இந்தத் தொழில் எப்படியும் அழிந்திருக்கும், போரின் மேல் ஏன் பழி என்று கேட்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோதே இயந்திரத்தில் வெட்டிய சங்கிலிகள் வடக்கே வரத் தொடங்கிவிட்டன. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி வேறெங்கோ வார்க்கப்பட்டது. பொன்னுருக்கலுக்கு எரிவாயுத் தீயோடு வந்து கால்மணி நேரத்தில் முடித்துக்கொண்டு போகிறார்கள். உருக்கிய பொன் வேறு, கட்டுகிற தாலி வேறு என்பதும் நடக்கிறது. 2022 நெருக்கடியில் ஒரு பவுண் ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாண்டியது, 2025இல் மூன்று இலட்சத்தையும் தாண்டியது. இந்த விலையில் புதுக்கொடி செய்விக்கும் குடும்பங்கள் அருகிவருகின்றன. ஆனால் இயந்திரம் கொன்றது நகை செய்யும் வேலையைத்தான். செய்தவரும் போட்டவரும் ஒரே ஊரில் தலைமுறையாக முகம் பார்த்து வாழ்ந்த ஏற்பாட்டை இயந்திரம் தொடவில்லை. அது இடப்பெயர்விலும் முகாமிலும் அறுந்தது. மற்ற ஊர்களில் இயந்திரம் வந்தபோது தட்டார் திருத்த வேலைக்காரராகவாவது அதே தெருவில் நிலைத்தார். வன்னியில் தெருவே இல்லாமல் போனது.

இதையெல்லாம் இப்போது எழுத வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. போர்முனையில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு பகுதியை 2014இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச உரிமையாளர் சிலரிடம் கையளித்தார். மிஞ்சிய ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. அவற்றை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் பற்றுச்சீட்டு உண்டா, பதிவேடு உண்டா என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது கொடுமை. அந்த நகைகளைத் தொகுதியாக எடைபோட்டு, மாற்றுப் பார்த்து, பொன் என்ற அளவில் கணக்கு முடித்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. வன்னியின் கைவேலை இவ்வளவு பெரிய தொகையாக, உருகாமல், ஓரிடத்தில் சேர்ந்திருப்பது இதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை. இனி நடக்கப்போவதும் இல்லை. அவற்றை உருக்குவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கொக்கியும் கண்ணியும் பற்றவைத்த இடமும் தெரிய அளந்து பதிய வேண்டும். அந்தப் படங்களை இன்னும் உயிரோடிருக்கிற வன்னித் தட்டார்களிடமும் புலம்பெயர்ந்து போனவர்களிடமும் காட்ட வேண்டும். தான் ஊதிய கொடியைத் தட்டார் அடையாளம் காண்பார். அதை யாருக்குச் செய்தார் என்பதும் அநேகமாக அவருக்கு நினைவிருக்கும். அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு வழி காணப்பட வேண்டும். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் இது இந்த ஆண்டே தொடங்க வேண்டிய வேலை.